வீட்டில் குழந்தைகளைப் படம் எடுத்தல்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் படம் எடுப்பது என் தொழில். போகும் வீடுகளில் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

போன்லயே எடுத்தா போதுமா, கேமரா வாங்கணுமா?

தொடங்குவதற்குக் கையில் இருக்கும் போன் போதும். எடுப்பதற்கு முன் அதன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் எண்ணெய்க் கையின் தடம் படாத போன் அரிது. படம் புகை படிந்தாற்போல் வருவதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

அடுத்தது தூரம். போனின் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சியைப் பிடிப்பதற்காக அமைந்தது. முகம் நிறைவாக வர வேண்டும் என்று ஓரடி தூரத்துக்கு நெருங்கினால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும். நான்கைந்து அடி தள்ளி அமர்ந்து 2 மடங்கு ஜூமில் எடுத்தால், நாம் அன்றாடம் பார்க்கும் முகம் படத்திலும் வரும்.

கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால், விலை உயர்ந்த பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) தேடாமல், சாதாரண பாடி ஒன்றும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்குவதே என் பரிந்துரை. எஃப் என்பது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். வெளிச்சம் குறைந்த அறையில் அந்தச் சிறிய லென்ஸ் செய்யும் வேலையை, கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் 18-55 ஜூம் செய்ய முடியாது.

எங்க வீட்ல வெளிச்சமே இல்லைங்க, எங்க உட்கார வைக்கிறது?

ஜன்னல் இருக்கும் எந்த வீட்டிலும் ஒரு முகத்துக்குப் போதுமான வெளிச்சம் உண்டு. குழந்தையை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தூரத்தில், வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில் சாய்வாக விழும்படி அமர வையுங்கள். அறையின் நடுவுக்கு நகர்த்தினால் வெளிச்சம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிக வேகமாகக் குறையும். இடம் சரியா என்று அறியக் குழந்தையின் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் ஜன்னலின் வடிவம் சிறு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் அந்த இடம் சரி. தெரியாவிட்டால் கண் உயிரற்று வரும்.

வெயில் நேராக உள்ளே விழுந்தால் கம்பிகளின் நிழல் முகத்தில் கோடுகளாகப் படியும். அப்போது ஒற்றை மடிப்பில் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலின் குறுக்கே கட்டுங்கள். வேட்டி முழுவதுமே மென்மையான விளக்காகிவிடும். முகத்தின் மறுபக்கம் மிகவும் இருண்டிருந்தால், அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையையோ வெள்ளைப் படுக்கை விரிப்பையோ பிடித்தால் போதும். வடக்குப் பார்த்த ஜன்னலில் நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் நேர் வெயில் விழாது என்பதால் அங்கே நாள் முழுவதும் வேலை செய்யலாம்.

ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கிறது என்றால் வாசலுக்கு வாருங்கள். நிலைப்படியிலிருந்து ஓரடி உள்ளே, வெயில் படாத நிழலில், குழந்தை தெருவைப் பார்த்து உட்காரும் இடம்தான் பெரும்பாலான தமிழ் வீடுகளில் மிகச் சிறந்த வெளிச்சம் உள்ள இடம். திண்ணையும், மொட்டை மாடிப் படிக்கட்டின் கதவடியும் அதே போன்றவை.

டியூப்லைட்டையும் போட்டா இன்னும் பளிச்சுனு வருமே, ஏன் அணைக்கச் சொல்றீங்க?

இரண்டு காரணங்களுக்காக. முதலாவது நிறம்: ஜன்னல் வெளிச்சத்தின் நிறம் வேறு, விளக்கின் நிறம் வேறு. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மற்றது மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். பிறகு கணினியில் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். இரண்டாவது திசை: மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழிகளை இருட்டாக்கிவிடும்.

இரவில் எடுத்தே ஆக வேண்டுமானால், ஒரே ஒரு விளக்கை மட்டும் குழந்தையின் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல டியூப்லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன; கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, ஷட்டர் வேகத்தைக் கூட்டும்போது, அதாவது படம் பதிய ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்போது, படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பட்டைகள் மறையும்.

நின்னுக்கிட்டு எடுத்தா தலை பெருசா, கால் குட்டையா வருதே?

தரையில் உட்காருங்கள். லென்ஸ் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். தவழும் குழந்தை என்றால் பாயில் படுத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இது ஒன்றுதான்.

பின்னாடி பீரோ, காலண்டர், ஸ்விட்ச் போர்டுன்னு இருக்கு, துணி கட்டணுமா?

தேவையில்லை. குழந்தையைச் சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னால் கொண்டுவந்தாலே பின்னால் உள்ளவை அடங்கிவிடும். தொங்கும் ஒயர், தலைக்கு நேர் பின்னே வரும் காலண்டர் போன்று கண்ணை இழுப்பவற்றை மட்டும் அகற்றுங்கள். பச்சை, ரோஸ் நிறச் சுவருக்கு மிக அருகில் உட்கார வைத்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அதேசமயம் வீட்டை முழுவதும் மறைத்துவிடாதீர்கள். தாத்தாவின் சாய்வு நாற்காலியும், சிவப்புக் காவித் தரையும், கதவில் குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை. ஸ்டூடியோவில் கிடைக்காத இந்தப் பொருள்களுக்காகத்தானே வீட்டில் எடுக்கிறோம்.

எந்த நேரத்துல எடுத்தா குழந்தை அழாம இருக்கும்?

தூங்கி எழுந்து, பால் குடித்து அல்லது சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து. வெளிச்சத்தைவிட இது முக்கியம். நல்ல வெளிச்சத்துக்காகத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டால் இரண்டும் கெடும். ஒரே மூச்சில் கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

எட்டு, ஒன்பது மாதக் குழந்தைகள் பலர் புதிய முகத்தைக் கண்டால் அழுவார்கள். அது இயல்பான வளர்ச்சிதான். வெளியாள் எடுக்க வருகிறார் என்றால், அவர் கேமராவை எடுக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும். குழந்தை தானாக நெருங்கி வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கேமராவைப் பார்த்து சிரிக்கவே மாட்டேங்கிறான், என்ன பண்றது?

"சிரி, இங்க பாரு, சிரி" என்று ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து கூப்பிடும் வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கட்டளைக்குச் சிரிக்கும் குழந்தை பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. அதைவிட, எதிலோ ஆழ்ந்திருக்கும் முகம், சந்தேகத்தோடு பார்க்கும் முகம், கோபித்துக்கொண்ட முகம் ஆகியவை அந்தக் குழந்தையை உள்ளபடி காட்டுகின்றன. சிரிக்காத படம் தோற்றுப்போன படம் அல்ல என்று முதலில் பெரியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். எத்தனை வீடுகளில் சொன்னாலும் நான் மறுபடி சொல்ல விரும்புவது இதைத்தான்.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பட்டாணி உரிப்பது, பல்லாங்குழிக் குழிகளில் சோழி போடுவது, சப்பாத்தி மாவைப் பிசைவது, எவர்சில்வர் டம்ளர்களை அடுக்குவது என்று எதுவானாலும் சரி. பட்டாணியும் சோழியும் மட்டும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள். வேலை ஜன்னலருகில் நடக்க வேண்டும், அவ்வளவே. குழந்தை அதில் மூழ்கியதும் எடுக்கத் தொடங்குங்கள். நடுவில் ஒரு முறை மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கும். அந்த முதல் பார்வைதான் படம். இரண்டாம் முறை கூப்பிட்டால் அதே பார்வை வராது.

கூப்பிடுபவர் ஒருவராகவே இருக்கட்டும், அவர் கேமராவின் பின்னால், எடுப்பவரின் தோளை ஒட்டி இருக்கட்டும். பக்கத்தில் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தையின் கண் அந்தப் பக்கமே போகும். படத்துக்காக மிட்டாய் தருவதாகச் சொல்வதை நான் தவிர்க்கிறேன். அதன்பின் குழந்தை தேடுவது மிட்டாயைத்தான்.

புதுப் பட்டுப் பாவாடை எடுத்து வச்சிருக்கோம், அதைப் போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு முறையாவது உடுத்திப் பழக்கியிருக்க வேண்டும். விறைப்பான புதுப் பட்டு கழுத்தில் குத்தும். சரிகை ஜன்னல் வெளிச்சத்தில் அளவுக்கு மீறி மின்னும். முதலில் தினமும் போடும் பழைய பருத்திச் சட்டையில் எடுத்துவிட்டு, பிறகு பட்டுக்கு மாற்றுங்கள். கண்ணன் வேடம் போடுவதானாலும் இதே வரிசைதான். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு அறுந்துவிழும் மணி, முத்து, பொத்தான் உள்ள எதையும் அணிவிக்க வேண்டாம். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்க ஒரு நொடி போதும்.

கன்னத்துல வச்ச திருஷ்டிப் பொட்டை படத்துல அழிச்சிடலாமா?

என் விருப்பம், அழிக்காமல் விடுவதே. அந்தப் பொட்டை ஒருவர் தன் விரலால் வைத்திருக்கிறார். பின்னாளில் அந்தக் குழந்தைக்கு அது ஒரு செய்தி. கன்னத்தில் வைப்பதோடு நிற்கட்டும். சில கண்மைகளில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளதால், குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

படத்துல குழந்தை கறுப்பா தெரியுது, கொஞ்சம் கலராக்கித் தர முடியுமா?

இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முகம் உண்மையிலேயே இருண்டு வந்திருக்கலாம். வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சட்டையும் காட்சியை நிறைக்கும்போது, கேமரா மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பதால் முகத்தின் வெளிச்சம் குறைந்துவிடும். போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள், கேமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) +0.3 முதல் +0.7 வரை கூட்டுங்கள். கறுத்த மேனிக்கு ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சம் மிகவும் பொருந்தும். கன்னத்தின் வளைவில் அது எடுக்கும் மினுமினுப்பு வேறு எதிலும் வராது.

தோலின் நிறத்தையே மாற்றித் தருவது வேறு. அதை நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' மாதிரி அட்டைகளில் நீண்ட காலம் வெள்ளைத் தோல் பெண்ணின் முகமே இருந்தது; வண்ணப் படங்களின் நிறம் அந்த முகத்தை வைத்தே சரிபார்க்கப்பட்டதால் கறுத்த முகங்கள் விவரமின்றி வந்தன. இன்றைய கருவிகளால் எந்த நிறத்தையும் உள்ளபடி பிடிக்க முடியும். அப்படியிருக்க, தன் படம் எல்லாவற்றிலும் தன்னைவிட வெளுத்த ஒரு குழந்தையைப் பார்த்து வளரும் பிள்ளை, தன் நிறத்தைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? பல போன்களில் முகத்தை வெளுப்பாக்கும் அழகுபடுத்தும் வசதி வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் தேடி அதை அணைத்துவிடுங்கள்.

ஓடிக்கிட்டே இருக்கான், எல்லாப் படமும் மங்கலா வருது?

ஷட்டர் வேகம் போதவில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 1/125, கையையும் தலையையும் அசைக்கும் குழந்தைக்கு 1/250, ஓடுபவனுக்கு 1/500 வேண்டும். வீட்டுக்குள் இந்த வேகம் கிடைக்க ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, 1600 அல்லது 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். அதை ஏற்றினால் படம் சற்றுப் புள்ளி புள்ளியாக வரும்; ஆனால் அச்சில் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. அசைந்து மங்கிய முகத்தை எதனாலும் மீட்க முடியாது. போனில் இரவு முறையை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு இன்னும் அருகில் சென்று, தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பின்னணி மங்கலா வரணும்னு 1.8-ல வச்சேன், ஒரு கண்ணு மட்டும்தான் தெளிவா இருக்கு?

முதல் பதிலில் சொன்ன 50 மி.மீ. லென்ஸை, ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே. முகம் சற்றுத் திரும்பினாலும் ஒரு கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். எஃப் 2.8 முதல் 4 வரை வைத்து, அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். பின்னணி மங்குவதற்குச் சுவரிலிருந்து முன்னால் வருவதே போதும்.

போனின் போர்ட்ரெய்ட் முறை, பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவது. சுருட்டை முடியும் தலையில் வைத்த மல்லிகையும் அதற்குப் பிடிபடாமல், ஓரங்கள் வெட்டி ஒட்டினாற்போல் வரும். குறைத்து வைத்துப் பயன்படுத்துங்கள், மூலப் படத்தையும் சேமித்து வையுங்கள்.

பிளாஷ் அடிச்சா குழந்தை கண்ணு கெட்டுப்போகுமா?

வழக்கமான ஃபிளாஷ் பார்வையைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே திடீரென்று அடித்தால் குழந்தை திடுக்கிடும். படமும் தட்டையாக வரும். தனி ஃபிளாஷ் இருந்தால் அதை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். வெளிச்சம் பரவி இறங்கும்.

ஃபிளாஷ் படங்களில் கண்மணி சிவப்பாக வருவது, விழித்திரைப் பகுதியின் இரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால். கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரு கண்ணில் சிவப்பும் மற்றதில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஓர் ஒளிர்வும் தெரிந்தால், குறிப்பாக ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் அப்படி வந்தால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கேமராவின் கோணத்தாலும் அப்படி வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் பிறவிக் கண்புரையும், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் பருவக் கண் புற்றுநோயும் இவ்வாறே முதலில் வீட்டுப் படங்களில் கண்ணில் பட்டதுண்டு. சீக்கிரம் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். அந்தப் படத்தை அழித்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பொறந்து பத்து நாள் ஆகுது, கைமேல தலை வச்சுத் தூங்குற மாதிரி எடுக்கலாமா?

வேண்டாம். தாடையை இரு கைகளிலும் தாங்கி உட்கார்ந்தாற்போல் இருக்கும் அந்தப் படங்கள், பெரும்பாலும் ஒருவர் தலையையும் கையையும் மாறி மாறிப் பிடித்திருக்க எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக இணைத்தவை. குழந்தைகளுக்குக் கழுத்து நிற்க மூன்று நான்கு மாதங்கள் ஆகும். கூடை, உருளி, மேசை விளிம்பு எதிலும் கை எட்டும் தூரத்தில் ஆள் இல்லாமல் வைக்கக் கூடாது. குத்துவிளக்கு ஏற்றியிருந்தால் அதன் அருகிலேயே வேண்டாம்.

பத்து நாள் குழந்தைக்குச் செய்ய வேண்டியது எளிது. ஜன்னலருகே மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மின்விசிறியை நிறுத்தி, மென்மையான பழைய புடவையால் சுற்றி எடுங்கள். விரல்கள், பாதத்தின் கோடுகள், காதின் மடிப்பு ஆகியவற்றையும் அருகிலிருந்து எடுத்து வையுங்கள். அவை வாரத்துக்கு வாரம் மாறுபவை.

தூங்குற குழந்தையைப் படம் எடுக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க, எடுக்கலாமா?

எடுப்பதால் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் பாட்டி வருந்துவார் என்றால் அவருக்குத் தெரியாமல் எடுப்பதை நான் ஏற்பதில்லை. பிள்ளை விழித்ததும் பாட்டியின் மடியில் படுக்க வைத்து, அவர் கை குழந்தையின் தலைமேல் இருக்கும்படி எடுங்கள். அந்தத் தோலும் இந்தத் தோலும் அருகருகே வரும் படத்தை எந்தக் குடும்பமும் வேண்டாம் என்று சொல்லி நான் கண்டதில்லை.

அண்ணனையும் தங்கச்சிப் பாப்பாவையும் சேர்த்து எப்படி எடுக்கிறது?

பாப்பாவை மெத்தையில் படுக்க வைத்து, அண்ணனை அதன் பக்கத்தில் தலைக்குத் தலை ஒட்டிப் படுக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் குழந்தையைக் கொடுத்து நிற்க வைப்பது ஆபத்து. இரண்டு முகங்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் ஒன்று மங்கும் என்பதால் எஃப் 4 அல்லது 5.6 வையுங்கள். முதலில் அண்ணனைத் தனியாகச் சில படங்கள் எடுத்துவிடுங்கள்; எல்லாரும் பாப்பாவையே எடுக்கும் வீட்டில் அவனுக்கு அது தேவைப்படுகிறது.

மொட்டை போடப் போறோம், எப்ப எடுக்கிறது?

புறப்படுவதற்கு முந்தைய நாள் முடியோடும், திரும்பி வந்தபின் அதே ஜன்னலில், அதே நேரத்தில், அதே சட்டையோடும் எடுங்கள். சந்தனம் ஈரமாக இருக்கும்போது எடுப்பது நல்லது. காய்ந்தால் வெடித்துக் கண்ணில் உதிரும்.

பாஸ்போர்ட்டுக்கு கைக்குழந்தைப் படம் கேட்கிறாங்க, தலையே நிக்கலையே?

சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேர் மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும். தாங்கும் கை படத்தில் வரக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல நொடிகள் ஆன காலத்தில், அசையாமல் இருக்க வேண்டி அம்மாவைத் துணியால் மூடி அவர் மடியில் குழந்தையை வைத்து எடுத்த படங்கள் ஐரோப்பாவில் இன்றும் கிடைக்கின்றன. இன்று 1/250 நொடி போதும் என்பதால் அந்தப் பாடு தேவையில்லை.

வாட்ஸ்அப்ல வந்த படத்தை பெருசா ப்ரிண்ட் போட்டா மங்குது, ஏன்?

சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவு வெகுவாகச் சுருக்கப்படுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 4×6 அங்குல அச்சுக்கு 1200×1800 பிக்சலும், 8×12 அங்குலத்துக்கு 2400×3600 பிக்சலும் வேண்டும். போனைத் தவிர வேறு இரண்டு இடங்களில் படங்களைச் சேமித்து வையுங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது சிலவற்றை அச்சிடுங்கள்.

எல்லாப் படத்தையும் ஸ்டேட்டஸ்ல, இன்ஸ்டாவுல போடலாமா?

குளிக்கும் படம், உடையில்லாத படம், அழுது அவமானப்படும் படம் ஆகியவற்றைப் போடவே வேண்டாம். உறவினர் குழுவில்கூட வேண்டாம், அங்கிருந்து எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. பள்ளிச் சீருடை, வீட்டு எண், தெருப் பெயர்ப் பலகை தெரியும் படங்களும் அப்படியே. படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் இருப்பிட விவரமும் பதிவாகியிருக்கலாம். முந்தைய பதிலில் சொன்னபடி டாக்குமென்ட்டாக அனுப்பும்போது அதுவும் கூடவே போகும் என்பதால், போன் கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள்.

நாலு வயசுப் பொண்ணு "எடுக்காதே"ங்கிறா, இருந்தாலும் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். போனைக் கீழே வைத்துவிட்டு அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருங்கள். சிறிது நேரம் கழித்து போனை அவளிடம் கொடுத்து உங்களைப் படம் எடுக்கச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் தாங்களும் நிற்க முன்வருகிறார்கள்; முன்வராவிட்டால் இன்னொரு நாள் பார்க்கலாம்.

எடுத்த படங்களை அவளிடமே காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். அழிக்கச் சொன்னதை அவள் கண்முன்னேயே அழியுங்கள். போனில் அழித்தவை சில வாரங்கள் 'அண்மையில் நீக்கியவை' பகுதியில் இருக்கும் என்பதால், அங்கிருந்தும் நீக்கிவிட்டு அவளுக்குக் காட்டுங்கள்.